ஷிமானோ எம்டி200 டிஸ்க் பிறேக்: மட்டக்களப்பிலிருந்து மீமுரேக்குப் போகும் சைக்கிளுக்கு

மட்டக்களப்பில் பிறேக் பிடிப்பது சந்தியில் நிற்க. மலையில் அது இறக்கம் முடியும் வரைக்கும் வேலை செய்ய வேண்டும். செங்கலடியில் திரும்பி மகா ஓயா, பதியத்தலாவ, மஹியங்கனை தாண்டி, ஹசலக்கவுக்கு அப்பால் ‘18 வளைவு’ என்று சொல்லும் மலைப்பாதையில் ஏறினால் நக்கிள்ஸ் மலைப்பக்கம். ஹுன்னஸ்கிரியவில் உள்ளே திரும்பி டீன்ஸ்டன், கோபெட்ஸ் கெப் வழியாக மீமுரே கிராமத்துக்கு இறங்கும் பாதையைத்தான் நம்மூர் மவுண்டன் சைக்கிள்காரர் அதிகம் கேட்கிறார்கள். கியர், ரயர் எல்லாம் விசாரிப்பார்கள். பிறேக்கை யாரும் விசாரிப்பதில்லை. அந்த இறக்கத்தில் ஆளைக் காப்பாற்றுவது அதுதான்.

எம்டி200 ஷிமானோவின் ஆரம்ப நிலை ஒயில் பிறேக், அதாவது கேபிளுக்குப் பதிலாக ஒயில் அழுத்தத்தால் பிடிப்பது. விலை குறைந்த மவுண்டன் சைக்கிள்களில் பொருத்தியே வரும். இரண்டு பிஸ்டன், மினரல் ஒயில், றெசின் பாட் (பிஸ்டன் தள்ள, தட்டை இரு பக்கமும் கவ்வும் உராய்வுக் கட்டை), பெரும்பாலும் சில்லோடு சுழலும் 160 மி.மீ. தட்டு. கேபிள் டிஸ்க்கிலிருந்து மாறுபவருக்கு வித்தியாசம் முதல் வளைவிலேயே தெரியும்: இரண்டு விரல் போதும், கை கடுக்காது. பாட் தேயத் தேயப் பிஸ்டன் தானாக முன்னே வரும், கேபிளைப் போல இறுக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இந்த விலைக்கு நல்ல பொருள். மீமுரே இறக்கத்துக்கும் போதும். ஆனால் ஆள் 80 கிலோவுக்கு மேல் என்றாலோ, முதுகில் பாரமான பை என்றாலோ, முன் சில்லுக்கு 180 மி.மீ. தட்டும் அதற்குரிய அடப்டரும் போடுங்கள். அதற்கு முதல், முன் சில்லைப் பிடித்திருக்கும் முள்ளு (ஃபோர்க்) 180 தட்டைத் தாங்குமா என்று பாருங்கள். தட்டுப் பெரிதானால் பிடியும் கூடும், சூடும் விரைவாக ஆறும்.

இதனுடன் வரும் மலிவான தட்டில் ‘றெசின் பாட் மட்டும்’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் வெட்டியிருக்கும். அதைப் பார்க்காமல், நீடித்து உழைக்கும் என்று மெட்டல் பாட் வாங்கிப் போடாதீர்கள். அந்தத் தட்டின் இரும்பு அதற்குத் தாங்காது, கெதியில் தேய்ந்துவிடும். புதுத் தட்டு 1.8 மி.மீ. தடிப்பு. 1.5க்கு வந்தால் கழற்றிவிட வேண்டும். பாட்டில் உராயும் பகுதி 0.5 மி.மீ. ஆனால் மாற்ற வேண்டும். மழையில் மலை மண்ணும் சேர்ந்தால் றெசின் பாட் வேகமாகக் கரையும். ஆகவே பையில் புது சோடி ஒன்று கட்டாயம்.

புது பாட் போட்டுக்கொண்டு நேரே மலைக்குப் போவது பெரிய பிழை. பாட்டும் தட்டும் ஒன்றோடொன்று பழக வேண்டும். முகத்துவாரம் வெளிச்ச வீட்டுப் பக்கம் போகும் பார் வீதியில், விடியற்காலையில் ஆட்கள் இல்லாத நேரம் பார்த்து, 20-25 கி.மீ. வேகம் எடுத்து, நடை வேகத்துக்கு வரும்வரை அழுத்திப் பிடித்து விடுங்கள். முழுதாக நிறுத்தக் கூடாது. ஒவ்வொரு பிறேக்கிலும் தனித்தனியாக 20 தடவை. பத்துக்கு மேல் போகும்போதே பிடி கூடுவது விரலில் தெரியும்.

நம்மூரில் இந்த பிறேக் கெடுவது பெரும்பாலும் ஒயிலால். ஓட்டோ திருத்தும் கராஜில் இருப்பது டொட் (DOT) வகை பிறேக் ஒயில். அதை இதற்குள் விட்டால் உள்ளே இருக்கும் இறப்பர் சீல் ஊதிப் பழுதாகும், பிறகு லீவரையும் கலிப்பரையும் (பிஸ்டனும் பாட்டும் இருக்கும் பகுதி) மாற்றத்தான் வேண்டிவரும். ஷிமானோ மினரல் ஒயில் கிடைக்காவிட்டால் கிடைக்கும்வரை பொறுங்கள். செயினுக்கு ஒயில் ஸ்பிரே அடிக்கும்போது பின் தட்டைச் சீலையால் மூடுங்கள். தேங்காயெண்ணெய்க் கையால் தட்டைத் தொடவே வேண்டாம். ஒருமுறை எண்ணெய் குடித்த பாட்டைக் கழுவிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். தட்டை மட்டும் பாமசியில் விற்கும் ஸ்பிரிட்டால் துடைக்கலாம்.

கடற்காற்று இன்னொரு எதிரி. பாட்டைப் பிடித்திருக்கும் சிறிய ஊசி துருப்பிடித்து இறுகினால், மலையில் பாட் மாற்ற நேரும்போது கழற்ற முடியாது. மாதம் ஒருமுறை வெளியே எடுத்துத் துடைத்துப் போடுங்கள். கிரானிலிருந்து குடும்பிமலைக்குப் போகும் கிறவல் வீதியில் ஓடிவந்தால், பிஸ்டனைச் சுற்றி ஒட்டியிருக்கும் புழுதியையும் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பக்கப் பிஸ்டன் சிக்கி, மற்றது மட்டும் தள்ளி, தட்டு வளைந்து உரசும்.

சைக்கிளை வான் வண்டியில் ஏற்றும்போது இரண்டு கவனம். சில்லைக் கழற்றினால், பாட் இரண்டுக்கும் நடுவில் தடித்த மட்டை ஒன்றைச் செருகுங்கள். தட்டு இல்லாத நேரம் யாராவது லீவரைப் பிடித்தால் பிஸ்டன் இரண்டும் வெளியே வந்து ஒட்டிக்கொள்ளும், பிறகு தட்டு உள்ளே போகாது. மற்றது, தலைகீழாக வைத்துக் கொண்டு போனால், லீவருக்குள் இருக்கும் சிறு காற்று குழாய்க்குள் இறங்கும். இறக்கியதும் நிமிர்த்தி வைத்து லீவரைப் பத்துப் பதினைந்து தடவை அழுத்துங்கள். அப்படியும் பஞ்சுபோல அமுங்கினால் ஒயில் ஏற்றி காற்று எடுக்க வேண்டும். சில்லையும் பாட்டையும் கழற்றி, மஞ்சள் பிளாஸ்டிக் கட்டையை நடுவில் வைத்து, லீவரைக் கிடையாக்கி மேலே புனலைப் பூட்டுங்கள். கலிப்பரில் ஒயில் ஏற்றும் சிறு வாயான நிப்பிளில் ஒயில் சிரிஞ்சைச் செருகி, 7 மி.மீ. சாவியால் எட்டில் ஒரு சுற்று திறந்து, கீழிருந்து மெதுவாகத் தள்ளுங்கள். புனலில் குமிழி எழும்புவது நிற்கும்வரை தள்ளிவிட்டு நிப்பிளை மூடுங்கள்.

தட்டு உரசினால் கலிப்பரின் இரண்டு போல்ட்டையும் 5 மி.மீ. அலன் சாவியால் தளர்த்தி, லீவரை இறுக்கிப் பிடித்தபடி மாறி மாறி இறுக்குங்கள். அளவு 6-8 நியூட்டன் மீற்றர். பத்தில் எட்டுத் தடவை இதிலேயே தீரும்.

இறக்கத்தில் தொடர்ந்து தேய்த்துக்கொண்டே வராதீர்கள். வளைவுக்கு முன் இரண்டு பிறேக்கையும் நன்றாகப் பிடித்து வேகத்தைக் கொட்டி, வளைவுக்குள் விட்டுவிடுங்கள். லீவர் கல்லுப்போல இறுக்கமாக இருந்தும் சைக்கிள் நிற்காவிட்டால், கருகிய மணமும் வந்தால், பாட் சூடேறிவிட்டது. லீவர் ஹாண்டில் வரைக்கும் போனால் ஒயிலில் கோளாறு. முதலாவதற்கு ஓரமாக நிறுத்தி ஆறவிட்டால் போதும், இரண்டாவதற்கு இறங்கி உருட்டத்தான் வேண்டும். சூடான தட்டில் தண்ணீர் ஊற்றினால் கோணிவிடும். ஆறிய பிறகும் பாட்டின் முகம் கண்ணாடிபோல மினுங்கினால், கழற்றி சாண்ட் பேப்பரில் மெதுவாக உரசிப் போடுங்கள்.

நக்கிள்ஸ் காடு 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி. வாகனம் போகும் வீதியை விட்டுக் காட்டுத் தடத்தில் சைக்கிளை இறக்க வேண்டாம். உள்ளே நடக்க விரும்பினால் டீன்ஸ்டனில் வனப் பாதுகாப்புத் திணைக்களத்திடம் கேட்டுக்கொண்டு போங்கள். மார்கழி, தை மழையில் கொன்கிறீட் பாசி பிடித்து வழுக்கும். அந்த ஈரத்தில் சில்லு சறுக்குவதை எந்த பிறேக்காலும் தடுக்க முடியாது.