தொட்டி அச்சுக்கு முன்னா, பின்னா: கரடுமுரடான பாதைக்கான டிரெய்லரில் தண்ணீர்ப் பாரம்

டிரெய்லரில் ஏற்றும் மற்ற பொருள்களெல்லாம் ஏற்றிய இடத்தில் ஏற்றிய எடையோடு இருக்கும். தண்ணீர் மட்டும் நாளுக்கு நாள் குறையும், குறைந்த பிறகு உள்ளேயே அலையவும் செய்யும். ஆகவே தொட்டியை எங்கே பொருத்துவது என்ற கேள்வியை, தொட்டி நிரம்பியிருக்கும்போது பாரம் எப்படி இருக்கிறது என்று மட்டும் பார்த்துத் தீர்க்க முடியாது. நிரம்பிய நிலைக்கும் காலி நிலைக்கும் இடையில், டிரெய்லரை இழுக்கும் வாகனத்தோடு இணைக்கும் கொக்கியின் மேல் விழும் பாரம் எவ்வளவு மாறுகிறது என்பதே சரியான அளவுகோல் என்பது என் துணிபு. வழக்கமாகச் சொல்லப்படும் நான்கு இடங்களையும் அந்த அளவுகோலை வைத்தே இங்கே ஒப்பிடுகிறேன்.

கணக்குக்கு ஓர் ஒற்றை அச்சு டிரெய்லரை எடுத்துக்கொள்வோம். தண்ணீர் இல்லாமல் அதன் எடை 900 கிலோ. அச்சிலிருந்து கொக்கி வரை 3 மீட்டர். கொக்கியின் மேல் விழும் பாரம் 90 கிலோ, அதாவது 10 விழுக்காடு. தொட்டியின் கொள்ளளவு 100 லிட்டர், ஆகவே நிரப்பினால் 100 கிலோ கூடும். கொக்கிப் பாரம் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை இருப்பது நல்லது என்பது பரவலான வழிகாட்டுதல். இழுக்கும் வாகனத்துக்கும் கொக்கிக்கும் உற்பத்தியாளர் குறித்த வரம்புகளில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது என்பது அதற்கும் மேலான விதி.

முதல் இடம், பெட்டிக்கு முன்னால், கொக்கியை நோக்கிக் குறுகிச் செல்லும் முன்சட்டம். பொருத்துவது எளிது, நிரப்புவது எளிது, குழாயும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். இதைப் பலர் விரும்புவதற்கு அதுவே காரணம். ஆனால் அச்சுக்கு 1.8 மீட்டர் முன்னால் அமரும் 100 கிலோ, நெம்புகோல் கணக்கின்படி கொக்கியில் 60 கிலோவாக இறங்கும். 90 கிலோ 150 ஆகிறது. அந்த 150 கிலோ இழுக்கும் வாகனத்தின் பின்னச்சுக்கும் பின்னால் விழுவதால் அங்கேயும் ஒரு நெம்புகோல் வேலை செய்கிறது: சக்கர இடைவெளி 2.8 மீட்டராகவும் கொக்கி பின்னச்சுக்கு 1.2 மீட்டர் பின்னாலும் இருந்தால், பின்னச்சில் ஏறத்தாழ 214 கிலோ கூடும், முன்னச்சில் 64 கிலோ குறையும். வாகனத்தின் மூக்கு தூக்கிக்கொள்ளும்; ஸ்டியரிங் இலேசாகும். சரி, நிரம்பிய நிலையில் 10 விழுக்காடு வரும்படி மற்றச் சாமான்களைப் பின்னுக்கு நகர்த்திக்கொள்ளலாமே என்றால், தண்ணீர் தீர்ந்ததும் கொக்கிப் பாரம் 40 கிலோவுக்கு, அதாவது நான்கரை விழுக்காட்டுக்கும் கீழே போய்விடும். இது போதாதென்று, இழுக்கும் வாகனத்தின் சக்கரங்கள் வாரி இறைக்கும் கற்கள் நேராக அந்தத் தொட்டியின் மேல்தான் வந்து விழும்.

இரண்டாவது இடம், அச்சுக்குப் பின்னால், பெட்டியின் வால்பகுதி. இதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். 1.2 மீட்டர் பின்னால் தொட்டி இருந்தால் கொக்கியிலிருந்து 40 கிலோ கழிந்து 50 கிலோவே மிஞ்சும். மொத்த எடையில் அது 5 விழுக்காடுதான். வண்டியோட்டிகள் பின்பாரம் என்று சொல்லி அஞ்சுவது இதைத்தான். என் முதல் டிரெய்லரில் தொட்டி அங்கேதான் இருந்தது. ஒரு நீண்ட இறக்கத்தில், மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில், ஒரு பெரிய லாரி எங்களைக் கடந்த வேளையில் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கியது. முதல் ஆட்டம் கையளவு, இரண்டாவது ஆட்டம் பாதி சாலையளவு. பிரேக்கைத் தொடாமல், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்ததால் அது அடங்கியது. பயணத்தின் தொடக்கத்தில்தான் தொட்டி நிரம்பியிருக்கும். நெடுஞ்சாலையில் வேகமாகச் செல்வதும் அப்போதுதான். வால்பகுதித் தொட்டி தன் மோசமான நிலையை மிக ஆபத்தான நேரத்தில் காட்டுகிறது. மேட்டிலிருந்து இறங்கும்போது பின்பக்கம் தரையைத் தட்டுவதும் இதே தொட்டியால்தான்.

மூன்றாவது இடம், பெட்டிக்குள், அச்சுக்கு நேர்மேலே. முன்பின் சமநிலையைப் பொறுத்தவரை இதில் குறையில்லை. கல்லடியும் இல்லை. ஆனால் தரைக்கு மேல் அரை மீட்டரில் இருக்க வேண்டிய 100 கிலோ ஒரு மீட்டருக்கு ஏறிவிடுகிறது. பக்கவாட்டில் சரிந்த தடத்தில் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது அந்த வேறுபாடு நன்றாகவே தெரியும். கசிந்தால் பெட்டிக்குள் இருப்பதெல்லாம் நனையும். குளிப்பதற்கென்று கூரைமேல் வைக்கும் தண்ணீர்த் தொட்டியைப் பற்றி விரிவாகச் சொல்லத் தேவையில்லை: பத்து லிட்டருக்கு மேல் அங்கே ஏற்றாதீர்கள்.

நான்காவது இடம், தளத்துக்கு அடியில், அச்சுக்குச் சற்றே முன்னால். 0.3 மீட்டர் முன்னால் வைத்தால் கொக்கியில் கூடுவது 10 கிலோ மட்டுமே. நிரம்பினால் 1000 கிலோவில் 100. காலியானால் 900 கிலோவில் 90. இரண்டு நிலையிலும் அதே 10 விழுக்காடு. இந்தக் கணக்கை முதன்முதலில் தாளில் போட்டுப் பார்த்த அன்று எனக்கு உண்டான நிறைவை இன்றும் மறக்கவில்லை. இன்னொரு நன்மையும் உண்டு: டிரெய்லர் பக்கவாட்டில் திரும்பி ஆடத் தொடங்கினால், அந்த ஆட்டத்துக்கு ஒரு பாரம் சேர்க்கும் சடத்துவம் (ஆட்டத்தை எளிதில் அடங்கவிடாத தன்மை) அச்சிலிருந்து அதன் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். தொட்டியின் சொந்த நீள அகலத்தை விட்டுவிட்டுப் பார்த்தால், 1.8 மீட்டரில் இருக்கும் தண்ணீர் 0.3 மீட்டரில் இருப்பதைப் போல் 36 மடங்கு சேர்க்கிறது.

இந்த இடத்துக்கும் ஒரு விலை உண்டு. அது அடிவயிற்றில் விழும் அடி. ஒருமுறை கற்படுகை ஒன்றைத் தாண்டி வந்து நிறுத்திய பிறகு, அச்சின் அருகே மண்ணில் உள்ளங்கை அளவு ஈரம் கண்டு கீழே படுத்துப் பார்த்தேன். தொட்டி அப்படியே இருந்தது. அதன் அடியில் நீட்டிக்கொண்டிருந்த எல்போ எனும் வளைந்த குழாய் இணைப்பு மட்டும் பாதி பிளந்து, நொடிக்கொரு சொட்டாக மூன்று நாள் தண்ணீரை வெளியேற்றிக்கொண்டிருந்தது. அதிலிருந்து குழாய் இணைப்புகளைத் தொட்டியின் பக்கச்சுவரிலோ மேலேயோதான் வைக்கிறேன். கீழே இரும்புத் தகட்டைத் தொட்டியோடு சேர்க்காமல் டிரெய்லரின் அடிச்சட்டமான சேஸிஸோடு போல்ட் போட்டு, சேறு வடியத் துளைகளும் விடுகிறேன். தொட்டியின் அடிமட்டம் சேஸிஸ் சட்டத்துக்குக் கீழே தொங்கக் கூடாது. ஸ்பிரிங் முழுதும் அமுங்கும்போது டயர் தொட்டியை உரசவும் கூடாது.

அடுத்த ஒப்பீடு, ஒரே பெரிய தொட்டியா, இரண்டு சிறியவையா என்பது. குறைகுடம் கூத்தாடும் என்பது இங்கே சொல்லுக்குச் சொல் உண்மை. தண்ணீர் சரிவின் பக்கம் ஒதுங்குவதால் வரும் பாதிப்பு தொட்டியின் அகலத்தின் மும்மடிக்கு (அகலம் × அகலம் × அகலம்) ஏற்பக் கூடுவதால், ஒரே அகலத் தொட்டியைப் பாதி அகலமுள்ள இரண்டாகப் பிரித்தால் மொத்தப் பாதிப்பு கால் பங்காகக் குறைகிறது. துளையிட்ட தடுப்புத் தகடுகள் அலையின் வேகத்தை அடக்கும். ஆனால் நீண்ட சரிவில் தண்ணீர் மெல்ல ஒதுங்குவதை அவை தடுக்கா. ஆகவே வால்வு வைத்த, ஒன்றுக்கொன்று தொடர்பை மூடக்கூடிய 50 லிட்டர்த் தொட்டிகள் இரண்டே என் தேர்வு. அவற்றை இடமும் வலமுமாக வைத்தால் இரண்டிலிருந்தும் மாறிமாறி எடுக்க வேண்டும். அச்சுக்கு முன்னொன்றும் பின்னொன்றுமாக வைத்தால் பின்தொட்டியை முதலில் காலி செய்ய வேண்டும். அப்போது கொக்கிப் பாரம் கூடுமே தவிரக் குறையாது.

எந்த இடத்தைத் தேர்ந்தாலும் அளந்து பார்க்காமல் நம்ப வேண்டாம். குளியலறை எடைக்கருவி ஒன்றும் பலகை ஒன்றும் போதும். பலகையின் ஒரு முனையைச் செங்கல்லின் மேலும், 90 சென்டிமீட்டர் தள்ளி எடைக்கருவியின் மேலும் தாங்க வைத்து, செங்கல்லிலிருந்து 30 சென்டிமீட்டரில் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, வழக்கமாகக் கொக்கி இருக்கும் உயரத்திலேயே டிரெய்லரின் முன்முனையை அதன் மேல் இறக்குங்கள். பலகையாலும் கட்டையாலும் காட்டும் எடையை முன்பே கழித்துக்கொண்டு, மீதியை மூன்றால் பெருக்கினால் கொக்கிப் பாரம் கிடைக்கும். தொட்டி நிரம்பியபோது ஒருமுறை, காலியானபோது ஒருமுறை அளக்க வேண்டும்.

ஏற்கெனவே வால்பகுதியில் தொட்டி அமைந்த டிரெய்லரை வாங்கிவிட்டவர்கள், அதை மாற்றும் வரையில், நெடுஞ்சாலையைத் தொட்டி காலியாக இருக்கும்போதே கடந்து, தடம் பிரியும் இடத்துக்கு முந்தைய கடைசி நீர்க்குழாயில் நிரப்பிக்கொள்ளுங்கள். வழியில் குடிக்கும் தண்ணீரை இருபது லிட்டர் கேன்களில் அச்சுக்கு முன்னால் கட்டி எடுத்துச் செல்லலாம்.