எந்தப் பாலையா வேண்டும்?

திருநெல்வேலி டவுனில், நெல்லையப்பர் கோயிலைச் சுற்றியுள்ள ரத வீதிகளில் ஒன்றிலிருந்து பிரியும் சந்தில், பழைய திரைப்படங்களின் விசிடி, டிவிடி தட்டுகளை இன்றும் விற்றுவரும் சிறிய கடை ஒன்று இருக்கிறது. பெயர்ப்பலகை வெளுத்துப்போய்விட்டதால் எல்லோரும் அதை ‘அண்ணாச்சி கடை’ என்றே சொல்கிறார்கள்; அந்தப் பெயரை மட்டும் சொல்லி விசாரித்து இந்த ஊரில் ஒரு கடையைக் கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்பது உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும்.

நான் தேடிச் சென்றது டி. எஸ். பாலையா நடித்த படங்களை. மற்ற கடைகளில் தட்டுகள் கதாநாயகர் பெயர்ப்படி அடுக்கப்பட்டிருக்கும். பாலையா படம் என்று கேட்டால், அதில் ஹீரோ யார் என்று திருப்பிக் கேட்பார்கள். இங்கே அண்ணாச்சி கேட்ட கேள்வி வேறு: “எந்தப் பாலையா வேணும்? வில்லன் பாலையாவா, சிரிப்புப் பாலையாவா?”

அந்தக் கேள்விக்காகவே இந்தக் கடைக்கு முதல் மதிப்பெண் தருவேன். 1914இல், அன்று நெல்லைச் சீமையிலும் இன்று தூத்துக்குடி மாவட்டத்திலும் உள்ள சுண்டங்கோட்டையில் பிறந்த பாலையா, எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘சதி லீலாவதி’ (1936) வழியாகத் திரைக்கு வந்தார். எம்.ஜி.ஆருக்கும் என். எஸ். கிருஷ்ணனுக்கும் அதுவே அறிமுகப் படம். அதில் கெடுமதி கொண்டவராகத் தொடங்கி, ‘அம்பிகாபதி’ (1937) முதல் ‘மதுரை வீர’னின் (1956) நரசப்பன் வரை நெடுங்காலம் மிரட்டியவர், பிற்பாடு வீடே சிரிக்கும் தந்தையாக மாறினார். இடையில் ‘வேலைக்காரி’யில் (1949) கதாநாயகனுக்கு வழிகாட்டும் நண்பன் மணியாகவும் வந்திருக்கிறார் என்பதால், அண்ணாச்சியின் இரண்டு பிரிவுகளில் எதிலும் அவரை முழுமையாக அடைக்க முடியாது.

ஐந்து படங்களை 350 ரூபாய்க்கு வாங்கினேன். ஒவ்வொரு தட்டையும் கடையிலேயே ஓட்டிக் காட்டிய பிறகுதான் பணம் வாங்கினார். ‘மதுரை வீரன்’ நடுவில் சிக்கியது. மறுபேச்சில்லாமல் வேறு தட்டு எடுத்துக் கொடுத்தார்.

குறை கடையில் இல்லை, சரக்கில் இருக்கிறது. ‘தில்லானா மோகனாம்பா’ளில் (1968) பாலையா தவில் வித்துவான் முத்துராக்கு. நாதஸ்வரம் சிவாஜியின் கையில் இருக்க, அந்த இசைக்கு உடம்பு முழுவதாலும் பதில் சொல்லிக்கொண்டிருப்பவர் இவர்தான். நான் வாங்கிய விசிடியில், தவிலின் மேல் அவருடைய விரல்கள் விழும் இடத்தை மறைத்துக்கொண்டு திரையின் அடியில் விளம்பர வரி ஓடுகிறது. நாயகனின் முகத்துக்கு எந்தச் சேதமும் இல்லை. தட்டைத் தயாரித்தவர்கள் படத்தின் எந்தப் பகுதியை வேண்டாத இடம் என்று நினைத்தார்களோ, அங்கேதான் குணச்சித்திர நடிகர் வேலை செய்துகொண்டிருக்கிறார்.

‘காதலிக்க நேரமில்லை’ (1964) டிவிடி இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். நாகேஷ் பயங்கரக் கதை சொல்லும் காட்சியில் பேச்செல்லாம் நாகேஷினுடையது. கேட்டுக்கொண்டிருப்பது மட்டுமே பாலையாவின் பங்கு. ஆனால் அச்சத்தை மறைக்கப் பார்ப்பதும், மறைக்க முடியாமல் போவதும், கதை அடுத்து எங்கே போகும் என்று அறியத் துடிப்பதுமாக அந்த முகம் படும் பாட்டைத் தவறவிட்டால் காட்சியில் பாதி போய்விடும். தட்டு தெளிவாக இருப்பதால் கண்ணிமை அசைவது வரை தெரிகிறது. அகலத் தொலைக்காட்சியில் படத்தை இழுத்து நிரப்பாமல், இருபுறமும் கறுப்புப் பட்டை விட்டே பார்க்கும்படி அண்ணாச்சி சொல்லி அனுப்பினார். இழுத்தால் பாலையாவின் முகம் இட்லிக் கொப்பரை போலாகிவிடுமாம்.

‘திருவிளையாடல்’ (1965) தட்டில் ஒலி நன்றாக இருக்கிறது. ஹேமநாத பாகவதருக்காகப் பாடியவர் பாலமுரளிகிருஷ்ணா என்றாலும், அந்தச் சங்கீதத்தின் கர்வம் முழுவதும் பாலையாவின் புருவத்திலும் கையிலும் இருக்கிறது. ‘பாமா விஜயம்’ (1967) பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. படம் அருமை, தட்டு சுமார்.

கடை பிற்பகலில் இரண்டு மணி நேரம் பூட்டியிருக்கும். பட்டியல் கிடையாது, இணையத்தில் ஆர்டர் செய்யவும் வழியில்லை. நகைச்சுவைக் காட்சித் தொகுப்பு என்று தனியே ஒரு வரிசை வைத்திருக்கிறார். அதை வாங்க வேண்டாம். வசனத்தை மட்டும் வெட்டி எடுத்து, கேட்டுக்கொண்டிருக்கும் முகங்களை விட்டுவிட்ட தொகுப்பு அது.

புறப்படும்போது ‘சதி லீலாவதி’ கிடைக்குமா என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்துவிட்டு, வந்தால் சொல்வதாக என் கைபேசி எண்ணை நோட்டில் குறித்துக்கொண்டார். அதே படத்துக்காக அந்தப் பக்கத்தில் முன்பே மூன்று எண்கள் எழுதப்பட்டிருந்தன.