ஒரே கேபிள் நெட், மூன்று கம்ப்யூட்டர்: எப்படிப் பிரிக்கலாம்?

சேலத்தில் அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டிப் பக்கம் கீழே தறியும் மாடியில் குடும்பமுமாக இருக்கும் வீடுகள் நிறைய. கணக்குப் பார்க்கும் கம்ப்யூட்டர் கீழே, பிள்ளைகளின் லேப்டாப் மேலே. கேபிள்காரர் மோடத்தைக் கீழேயே மாட்டிவிட்டுப் போய்விடுவார். அதை மாடிக்கு எப்படிக் கொண்டுபோவது என்பது நம் பாடு.

விலை குறைவு என்று நெட்வொர்க் ஸ்விட்சைத்தான் (ஒரு நெட் வயரிலிருந்து பல கம்ப்யூட்டருக்கு வயர் பிரிக்கும் பெட்டி) பலர் முதலில் கேட்பார்கள். மோடம் உள்ளேயே ரவுட்டர் சேராத வெறும் மோடமாக இருந்தால் அது வேலைக்கு ஆகாது. வீட்டு இணைப்புக்கு வழக்கமாக ஒரே ஓர் ஐபி முகவரிதான் (நெட்டில் கருவியை அடையாளம் காட்டும் எண்) கிடைக்கும். முந்திக்கொண்ட கம்ப்யூட்டருக்கு நெட் வரும், மற்றவை சும்மா கிடக்கும்.

ஒரு கம்ப்யூட்டரையே மற்றவற்றோடு நெட்டைப் பகிர வைப்பது அடுத்த வழி. இந்த வசதி 1999-இல் வந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பிலிருந்தே உண்டு. அதில் இரண்டு லேன் போர்ட் (நெட் வயர் செருகும் துளை) இருந்தால் இன்னொரு கம்ப்யூட்டருக்குத் தனிச் செலவு இல்லாமல் நெட் கொடுக்கலாம். ஆனால் கீழே கணக்கை முடித்து சிஸ்டத்தை அணைத்தால் மாடியில் ஆன்லைன் கிளாஸ் அறுந்துவிடும். அவசரத்துக்குச் சரி, அன்றாடத்துக்கு வேண்டாம்.

ஆகவே ரவுட்டர்தான். அந்த ஒரு முகவரியை வெளியே காட்டிக்கொண்டு, உள்ளே எல்லாக் கருவிகளுக்கும் தனித்தனி முகவரியை அதுவே கொடுக்கும். வாங்கும்போது ஆன்டெனாவை எண்ணாதீர்கள். போர்ட் கிகாபிட்டா (அதாவது 1000 எம்பிபிஎஸ் வேகமா) என்று பாருங்கள். 100 எம்பிபிஎஸ் போர்ட் உள்ள பெட்டியில் 200 எம்பிபிஎஸ் பிளான் போட்டால் பாதிப் பணம் வீண். ரவுட்டரை மாட்டியதும் நெட் வரவில்லை என்றால், கேபிள்காரர் பழைய கம்ப்யூட்டரின் மேக் முகவரியை (லேன் போர்ட்டுக்கு உரிய அடையாள எண்) பதிந்து வைத்திருக்கலாம். போன் செய்து மாற்றச் சொல்லுங்கள், அல்லது ரவுட்டர் அமைப்பில் அதே எண்ணைப் போட்டு மேக் குளோன் செய்துவிடுங்கள்.

மாடிக்குத்தான் உண்மையான போட்டி: வைஃபை சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டரா, வயரா? கான்கிரீட் தளத்தைத் தாண்டுவதற்குள் 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் சோர்ந்துபோகும், 2.4 கொஞ்சம் தாங்கும். மலிவான ரிப்பீட்டர் ஒரே சேனலில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புவதால் வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். என் ஓட்டு வயருக்கே. கேட் 5இ ரக லேன் வயர் 100 மீட்டர் வரை ஒரு கிகாபிட் தாங்கும், வீட்டுக்குள் அவ்வளவு தூரம் எங்கே வரப்போகிறது? கரண்ட் வயர் போகும் பைப்பில் மட்டும் சேர்த்து இழுக்க விடாதீர்கள்.

மேலே புதுப் பெட்டி வாங்க வேண்டியதில்லை. பரணில் கிடக்கும் பழைய ரவுட்டரில் டிஎச்சிபியை (கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் வேலை) அணைத்து, கீழ் ரவுட்டரோடு மோதாத முகவரி ஒன்றைக் கொடுத்து, வயரை வேன் போர்ட்டில் (மோடத்துக்கான துளை) அல்லாமல் லேன் போர்ட்டில் செருகினால் போதும்.

ஏற்காட்டில் கணக்கு வேறு. பழைய பங்களாக்களின் கெட்டிச் சுவரில் வைஃபை திணறும், அங்கேயும் உள்ளுக்குள் வயர்தான். பங்களாவிலிருந்து அவுட்ஹவுஸுக்கு மட்டும் வெட்டவெளியில் செம்பு வயரை இழுக்கக் கூடாது. இடி இறங்கினால் அந்த வயர் வழியே இரண்டு பக்கப் பெட்டிகளும் போய்விடும். அந்த இடத்துக்குக் கரண்ட் கடத்தாத ஃபைபர் (கண்ணாடி இழைக் கேபிள்) வாங்குங்கள். உள்ளே கம்பி இல்லாத ரகமாகக் கேட்டு வாங்க வேண்டும்.