மூக்கு அறுவை சிகிச்சைக்குப் பின்னும் மூச்சு சீராகாதவர்களுக்கான மறுபரிசோதனைச் சேவை: ஒரு மதிப்பீடு
மூக்கின் வளைந்த நடுச்சுவரைச் சீராக்கும் அறுவை சிகிச்சைக்குப் பிறகும் மூச்சுவிடச் சிரமப்பட்டதால் நான் நாடிய காது மூக்கு தொண்டைப் பிரிவின் மறுபரிசோதனைச் சேவையை, அதே அவதியில் இருக்கும் எவருக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

வீக்கம் வடியட்டும் என்ற ஒற்றைப் பதிலோடு அனுப்பிவிடாமல், மூக்கினுள் செலுத்திப் பார்க்கும் மெல்லிய கேமராக் குழாயான எண்டோஸ்கோப்பின் காட்சியைத் திரையில் எனக்கும் காட்டியபடி, தழும்புத் திசு நடுச்சுவரைப் பக்கச்சுவரோடு ஒட்டவைத்திருக்கிறதா, சுவரில் துளை விழுந்திருக்கிறதா, மூச்சை இழுக்கும்போது மூக்கின் மிகக் குறுகலான வால்வுப் பகுதி உள்வாங்குகிறதா என்று மருத்துவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கன்னத்தை விரலால் வெளிப்புறமாக இழுத்துப் பிடித்து, இப்போது எளிதாக இருக்கிறதா என்று கேட்ட சோதனைதான் வால்வின் தளர்ச்சியைக் காட்டிக்கொடுத்தது.

'வெற்று மூக்கு' நிலையைப் பற்றிய விளக்கமே இச்சேவையின் சிறப்பு. டர்பினேட் எனப்படும் பக்கவாட்டு மடிப்புகளை அளவுமீறி அகற்றிவிட்டால், பாதை அகன்றிருந்தும், காற்றின் குளிர்ச்சியை உணரும் நரம்பு முனைகள் போதிய அளவு தூண்டப்படாததால் மூச்சடைப்பதாகவே தோன்றும் என்று கருதப்படுகிறது. இதை மனப்பிரமை என்று ஒதுக்காமல், 6 கேள்விகள் கொண்ட படிவத்தாலும் மூக்கினுள் பஞ்சு வைத்துப் பார்க்கும் சோதனையாலும் ஆராய்கிறார்கள். எனக்கு அது இல்லை என்பதும் அவ்வாறே தெளிந்தது.

காத்திருக்கும் நேரம் அதிகம். உப்புநீரால் மூக்கைக் கழுவும் முறையை விளக்கும் தாளில், கொதித்து ஆறிய நீரையோ காய்ச்சி வடித்த நீரையோ மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்ற எச்சரிக்கையைப் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்க வேண்டும்.