ஜிராவா, டிரெல்லோவா: போர்டைப் பராமரிப்பது யார்?

சிங்கப்பூரில் பாதிப் பேர், சென்னையில் பாதிப் பேர். இப்படிப் பிரிந்திருக்கும் எங்கள் சிறிய அணி டிரெல்லோவை விட்டு ஜிராவுக்கு வந்தது, அதிலும் போர்டின் அமைப்பை அணியே தீர்மானிக்கும் ‘டீம் மேனேஜ்டு’ என்ற வகைக்கு. எந்த வேலை எந்த நிலையில் இருக்கிறது என்பதை ஒரு பலகையில், அதாவது போர்டில், காட்டும் மென்பொருள்கள்தான் இரண்டும். சிங்கப்பூரின் ஒன்-நார்த்திலும் சாங்கி பிசினஸ் பார்க்கிலும் வேலை பார்க்கும் நண்பர்கள் “எது நல்லது?” என்று கேட்கும்போதெல்லாம் நான் ஜிரா பக்கம்தான் பேசுகிறேன். ஏன் என்று விரிவாகச் சொல்லிவிடுகிறேன்.

விலையை வைத்து முடிவெடுக்க வேண்டியதில்லை. இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்: ஜிரா 2002 முதல் ஆஸ்திரேலியாவின் அட்லாசியன் நிறுவனத்துடையது, 2011இல் வந்த டிரெல்லோவை அதே நிறுவனம் 2017இல் வாங்கிவிட்டது. 10 பேர் வரை இரண்டுமே இலவசம். மொபைல் ஆப், ஸ்லாக் இணைப்பு எல்லாம் இரண்டிலும் உண்டு.

டிரெல்லோவின் எளிமை உண்மையிலேயே பெரிய விஷயம். காலையில் தொடங்கினால் மதியத்துக்குள் போர்டு தயார். மார்க்கெட்டிங், ஃபைனான்ஸ் ஆட்களுக்குக்கூட யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஸ்பிரிண்ட் (இரண்டு வாரம் போன்ற குறித்த காலத்துக்கு வேலையைத் திட்டமிட்டு முடிப்பது) இல்லாமல், வருகிற வேலையை வந்த வரிசையில் முடிக்கும் சப்போர்ட் அணிக்கு இன்றும் நான் டிரெல்லோவைத்தான் சொல்வேன். வேலையின் அளவை மதிப்பிடும் ஸ்டோரி பாயிண்ட் அதில் இயல்பாகவே இல்லை, பவர்-அப் என்ற கூடுதல் வசதியைச் சேர்க்க வேண்டும் என்பதைச் சிலர் பெரிய குறையாகச் சொல்கிறார்கள். ஸ்பிரிண்ட் வைத்து வேலை செய்யும் ஸ்க்ரம் முறையின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டியில் ஸ்டோரி பாயிண்ட் என்ற பேச்சே கிடையாது. அதனால் அதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. போர்டு உண்மையைச் சொல்ல வேண்டும். எங்களுக்கு அது கூடுதலாகவே முக்கியம். சென்னை சிங்கப்பூரைவிட இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. நாங்கள் இங்கே 11:30க்கு ஸ்டாண்ட்அப் (தினசரி சிறு கூட்டம்) வைத்தால் அவர்களுக்கு 9 மணி. அதற்கு முன்னால் இங்கே ஒரு காலைப்பொழுதே போய்விடும். அந்த நேரத்தில் நேற்று மாலை அவர்கள் எதை எங்கே விட்டார்கள் என்று கேட்க ஆள் இல்லை, போர்டைத்தான் பார்க்க வேண்டும். அது பொய் சொன்னால், ஏற்கெனவே முடிந்த வேலையை இங்கே ஒருவர் மறுபடி தொடுவார்.

டிரெல்லோவில் ஒரு வேலையைக் குறிக்கும் எந்தக் கார்டையும் எந்தப் பட்டியலுக்கும் இழுத்துவிடலாம், எதுவும் தடுத்துக் கேட்காது. இரண்டு வாரம் முடிந்ததும் பாதியில் நிற்கும் கார்டுகள் நின்ற இடத்திலேயே நிற்கும். யாராவது பொறுப்பெடுத்து ஒதுக்கினால்தான் உண்டு. ஜிராவில் ஸ்பிரிண்டை முடிக்கும் பொத்தானை அழுத்தியதும், முடியாத டிக்கெட்டுகளை (இங்கே கார்டுக்கு அதுதான் பெயர்) பேக்லாக் என்ற காத்திருப்புப் பட்டியலுக்கு அனுப்பவா, அடுத்த ஸ்பிரிண்டில் சேர்க்கவா என்று கேட்கும். சின்னக் கேள்விதான். ஆனால் “இதை உண்மையிலேயே செய்யப்போகிறோமா?” என்ற பேச்சு அங்கேதான் எழுகிறது. ஸ்பிரிண்ட் தொடங்கிய பிறகு நடுவில் நுழைத்த வேலையும், மீதி வேலையைக் காட்டும் பர்ன்டவுன் வரைபடத்தில் தெரிந்துவிடும். பொங்கலுக்குச் சென்னை அலுவலகம் காலியாகும், சீனப் புத்தாண்டுக்கு இங்கே இரண்டு நாள் விடுமுறை. ஜனவரி, பிப்ரவரியில் எவ்வளவு வேலையை ஏற்பது என்று பேசும்போது இந்த வரைபடங்கள் கைகொடுக்கின்றன.

ஆனால் ஜிரா என்றாலே நல்லது என்று நான் சொல்லவில்லை. ‘கம்பெனி மேனேஜ்டு’ வகையில் பல அணிகளுக்கு ஒரே ஒர்க்ஃப்ளோ (வேலை கடந்துபோகும் நிலைகளின் வரிசை) இருந்தால், அதில் ஒரு நிலையைச் சேர்க்கவும் ஜிரா அட்மின் கை வைக்க வேண்டும். நான் முன்பு இருந்த ஓரிடத்தில் அதற்கு வாரக்கணக்கில் காத்திருப்போம். காத்திருந்து அலுத்தவர்கள் டிக்கெட்டின் தலைப்பிலேயே “கிளையண்ட் பதிலுக்காக” என்று எழுதத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகு அந்த போர்டை யார் நம்புவார்கள்? டீம் மேனேஜ்டு வகையில் சாவி அணியிடமே இருக்கிறது. நடந்ததைத் திரும்பிப் பார்க்கும் ரெட்ரோ கூட்டத்தில் ஒரு நிலை தேவை என்று பேசினால் கூட்டம் முடிவதற்குள் அது போர்டில் வந்துவிடும், தேவையில்லாதது போய்விடும்.

சாவி கையில் இருப்பதால் கட்டுப்பாடும் நம்மிடம்தான் இருக்க வேண்டும். நாங்கள் ஐந்து நிலைகளுக்கு மேல் வைப்பதில்லை. கட்டாயமாக நிரப்ப வேண்டிய ஃபீல்டுகள் மிகக் குறைவு. மூன்று மாதமாக யாரும் தொடாத டிக்கெட்டை மூடிவிடுவோம், முக்கியமானதென்றால் தானே திரும்பி வரும். ஒரு நிலையில் இத்தனை டிக்கெட்தான் என்று வரம்பு வைத்தால், மீறும்போது ஜிரா நிறத்தை மாற்றிக் காட்டுமே தவிரத் தடுக்காது. நிறம் மாறினால் புது வேலையை எடுக்காமல் பக்கத்து ஆளின் வேலையை முடிக்க உதவுவது என்று அணி ஒத்துக்கொண்டால்தான் அந்த வரம்புக்குப் பயன். வாடிக்கையாளரின் அடையாள அட்டை எண் தெரியும் ஸ்கிரீன்ஷாட்டை டிக்கெட்டில் ஒட்டவே கூடாது என்பதும் எங்கள் விதி. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2012 முதலே இங்கு இருக்கிறது, எந்த மென்பொருளானாலும் இது பொருந்தும்.

பல அணிகள் சேர்ந்து ஒரே தயாரிப்பைக் கட்டும் இடத்தில் எனக்கு அனுபவம் குறைவு. அங்கே கணக்கு மாறலாம், ஏனென்றால் டீம் மேனேஜ்டு போர்டு தன் புராஜெக்டின் டிக்கெட்டுகளை மட்டுமே காட்டும். பிறகு வகையை மாற்ற நினைத்தால், புதிதாக ஒரு புராஜெக்டைத் தொடங்கி டிக்கெட்டுகளை அங்கே நகர்த்த வேண்டும். கஸ்டம் ஃபீல்டுகளில் எழுதியது எல்லாம் அப்படியே கூட வராது. ஒரு வருடத்துக்குள் மேலிடம் எல்லா அணிகளுக்கும் சேர்த்து அறிக்கை கேட்கும் என்று தெரிந்தால், கம்பெனி மேனேஜ்டு வகையிலேயே தொடங்குங்கள். தொடங்கும் முன்பே, அட்மின் உரிமையை அணிக்குள் ஒருவருக்காவது கேட்டு வாங்கிவிடுங்கள்.