கோடைச் சாம்பியன்ஷிப்புக்குத் தயாராகும் காரைக்குடி நீச்சல் மன்றம்: ஒரு பெற்றோரின் மதிப்பீடு

காரைக்குடியை ஒட்டியுள்ள நீச்சல் மன்றம் ஒன்றில் என் மகள் நான்கு ஆண்டுகளாகப் பயின்று வருகிறாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது. மார்பு நீச்சலான பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில்தான் போட்டிகளுக்குச் செல்கிறாள். பிள்ளையைப் போட்டி நீச்சலில் சேர்க்க எண்ணும் பெற்றோர் பலர் இந்த மன்றத்தைப் பற்றி என்னிடம் விசாரிக்கிறார்கள். குளம் சுத்தமாக இருக்கிறதா, கட்டணம் எவ்வளவு என்பவையே பெரும்பாலும் அவர்களுடைய கேள்விகள். இரண்டுக்கும் கீழே விடை சொல்கிறேன். ஆனால் ஒரு நீச்சல் மன்றத்தின் தரத்தை அறிய வேண்டுமானால், கோடைப் போட்டிக்கு முந்தைய ஆறு வாரங்களில் அங்கே என்ன நடக்கிறது என்பதைப் போய்ப் பார்க்க வேண்டும் என்பதே இந்த நான்கு கோடைகளில் நான் தெரிந்துகொண்டது. அந்த ஆறு வாரங்களை வைத்தே இதை எழுதுகிறேன்.

குளம் 25 மீட்டர் நீளமும் ஆறு லேன்களும் கொண்டது. ஒரு பக்கம் இடுப்பளவு ஆழம், மறுபக்கம் ஆள் மூழ்கும் ஆழம். ஏறி நின்று பாய்வதற்கான மேடைகளான ஸ்டார்ட்டிங் பிளாக்குகள் ஆழமான பக்கத்தில் மட்டுமே பொருத்தப்பட்டிருக்கின்றன. பிளாக்கிலிருந்து பாயும் இடத்தில் நீரின் ஆழம் குறைந்தது 1.35 மீட்டராவது இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. இடுப்பளவு நீரில் பிள்ளைகளைத் தலைகீழாகப் பாயவிடும் குளத்தையும் நான் வேறோர் ஊரில் கண்டு பதறியிருக்கிறேன். ஆகையால் பிள்ளையைச் சேர்க்கும் முன், எந்த மன்றமாக இருந்தாலும், பிளாக் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுங்கள்.

தண்ணீரைப் பொறுத்தவரை எனக்குக் குறை இல்லை. காலை ஐந்து மணிக்குப் பிள்ளைகள் வருவதற்கு முன்பே குளத்துப் பணியாளர் இரண்டு சிறு குப்பிகளில் நீரை எடுத்து, ஒவ்வொன்றிலும் சில சொட்டு மருந்து விட்டுக் குலுக்கி, விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார். ஒரு குப்பியில் ஏறும் மஞ்சள் நிறம் குளோரின் அளவைக் காட்டும். மற்றொன்றில் ஏறும் சிவப்பு நீரின் அமில-கார அளவைக் காட்டும். பார்த்த அளவை நுழைவாயிலில் உள்ள கரும்பலகையில் எழுதிவிடுகிறார். நம் ஊர் வெயிலில் குளோரின் விரைவில் சிதைந்துவிடும் என்பதால், கோடையில் மட்டும் மாலையிலும் ஒரு முறை இந்தச் சோதனை நடக்கிறது. குளத்தில் மூக்கைத் துளைக்கும் வாடை அடித்தால் மருந்து அதிகம் போட்டுவிட்டார்கள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். வியர்வையோடும் அழுக்கோடும் குளோரின் கலந்து உண்டாகும் வாடை அது. எனவே குளித்துவிட்டு இறங்காத பிள்ளையைப் பணியாளர் படிக்கட்டிலேயே நிறுத்திவிடுகிறார். என் மகளும் ஒரு முறை அப்படித் திருப்பி அனுப்பப்பட்டாள்.

குடிநீர் ஊருணியில் காலை நனைக்கக்கூடாது என்று காலங்காலமாகக் காத்துவந்த சீமை இது. வளவின் முற்றத்தில் விழும் மழைநீரை அண்டாக்களில் பிடித்துவைத்த வீடுகளில் பிறந்தவர்கள் நாம். இந்த அளவுள்ள ஒரு குளம் ஐந்து லட்சம் லிட்டருக்கு மேல் நீர் கொள்ளும் என்று கணக்கிட்டபோது எனக்கு முதலில் உறுத்தலாகவே இருந்தது. ஒரு முறை நிரப்பிய நீரையே மணல் வடிகட்டி வழியாகச் சுழற்றிப் பயன்படுத்துகிறார்கள் என்பதையும், வடிகட்டியைக் கழுவிய நீரைத் தேக்கிவைத்துச் சுற்றியுள்ள வேம்புகளுக்கும் தென்னைகளுக்கும் விடுகிறார்கள் என்பதையும் நேரில் பார்த்த பிறகே மனம் சமாதானமானது.

இனி பயிற்சிக்கு வருகிறேன். சென்ற கோடையில் நடந்த ஒரு போட்டியில் 100 மீட்டர் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் என் மகள் தன் ஹீட்ஸில், அதாவது தகுதிச் சுற்றில், இரண்டாவதாக வந்துகொண்டிருந்தாள். திரும்பும் சுவரில் அவளுடைய வலக்கை முதலிலும் இடக்கை அரை நொடி கழித்தும் பட்டன. டர்ன் நடுவர் கையை உயர்த்தினார். ஓட்டம் முடிந்து அவள் மூச்சு வாங்கிக்கொண்டு பலகையை அண்ணாந்து பார்த்தபோது, அவள் பெயருக்கு எதிரில் நேரத்துக்குப் பதிலாக டி.க்யூ., அதாவது தகுதி நீக்கம், என்று இருந்தது. பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கிலும் பட்டர்ஃபிளையிலும் இரண்டு கைகளும் ஒரே வேளையில் சுவரைத் தொட வேண்டும் என்ற விதி அவளுக்குத் தெரியாததல்ல. தெரிந்திருப்பது வேறு, களைத்துப்போன உடம்பு அதைத் தானாகச் செய்வது வேறு.

ஊருக்குத் திரும்பிய மறுநாளே பயிற்சியாளர் செய்த காரியத்துக்காகத்தான் இந்த மன்றத்தை நான் பிறருக்குப் பரிந்துரைக்கிறேன். அவர் குளத்தின் விளிம்பில், ஈரத் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டார். கன்னம் தண்ணீரைத் தொடும் அளவுக்குத் தலையைத் தாழ்த்தி, சுவரை நோக்கி வரும் அவளுடைய இரண்டு கைகளை மட்டும் பார்த்தார். ஒவ்வொரு முறை அவள் தொட்டபோதும் “சேர்ந்து விழுந்துச்சு” அல்லது “விழலை, ஆத்தா, திரும்பப் போ” என்ற இரண்டே விடைகள். திட்டவுமில்லை, தேற்றவுமில்லை. மூன்று வாரங்களுக்கு, ஒவ்வொரு நாள் பயிற்சியின் கடைசிப் பத்து நிமிடமும், கை கால்கள் சோர்ந்திருக்கும் வேளையாகப் பார்த்து, இது நடந்தது. களைப்பில்தான் கை பிசகும் என்பதால் களைப்பில்தான் அதைப் பழக்க வேண்டும் என்றார்.

சுவரைத் தொடுவதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள், நெய்வேலியில் வளர்ந்த சஜன் பிரகாஷை நினைத்துப் பார்க்கலாம். 2021 ஜூன் மாதம் ரோம் நகரில் 200 மீட்டர் பட்டர்ஃபிளையை 1 நிமிடம் 56.38 விநாடிகளில் முடித்து, ஒலிம்பிக்குக்கு நேரடியாகத் தகுதி தரும் ‘ஏ’ தகுதி நேரத்தை எட்டிய முதல் இந்திய நீச்சல் வீரர் என்ற பெருமையை அவர் பெற்றார். தகுதி நேரம் 1 நிமிடம் 56.48 விநாடிகள். இடைவெளி ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு. கடைசிக் கை வீச்சைச் சுவருக்குச் சற்று முன்பே முடித்துவிட்டு மிதந்து வந்தால் அந்தப் பங்கு போய்விடும்.

பயிற்சியாளரிடம் ஒரு நீள நோட்டு இருக்கிறது; மளிகைக் கடைகளில் பற்று எழுதுவார்களே, அந்த வகை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம். 25 மீட்டரைக் கடக்க எடுத்துக்கொண்ட நேரத்தோடு, எத்தனை கை வீச்சில் கடந்தார்கள் என்பதையும் அதில் குறிக்கிறார். என் மகளின் பக்கத்தில் முதல் 25 மீட்டருக்குப் பத்து என்றும், கடைசி 25 மீட்டருக்குப் பதின்மூன்று என்றும் இருந்தது. நேரம் பெரிதாகக் கூடாவிட்டாலும், அவள் வழுக்கிச் செல்வதை விட்டுவிட்டு அவசரமாக நீரைக் கலக்குகிறாள் என்பதை அந்த மூன்று வீச்சுகள் காட்டிக்கொடுத்துவிட்டன. ஸ்டாப்வாட்ச்சை மட்டும் நம்பும் பயிற்சியாளருக்கு இது கண்ணில் பட்டிருக்காது.

இந்த மன்றத்தின் பெரிய குறை குளத்தின் நீளம். அதைக் குறை என்று சொல்வதும் முழு நியாயமாகாது, ஏனென்றால் 50 மீட்டர் குளம் கட்டிப் பராமரிக்கும் வசதி சிற்றூர்களில் எளிதில் அமைவதில்லை. ஆனால் எங்கள் பிள்ளைகள் போய் நீந்த வேண்டியது, 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகக் கட்டப்பட்ட வேளச்சேரி வளாகம் போன்ற இடங்களில். 25 மீட்டர் குளத்தில் 200 மீட்டர் நீந்தினால் ஏழு முறை திரும்பலாம். ஏழு முறையும் சுவரை உதைத்து நீருக்கடியில் இலவசமாகச் சில மீட்டர் போகலாம், ஒரு கணம் மூச்சைச் சீர்ப்படுத்திக்கொள்ளலாம். 50 மீட்டரில் அந்த வாய்ப்பு மூன்று முறைதான். ஊரில் எடுத்த நேரத்தை நம்பிச் சென்னைக்குப் போகும் பிள்ளை, சில விநாடிகள் கூடிவிட்டதைக் கண்டு உடைந்துபோகிறது. முதல் ஆண்டு என் மகளுக்கும் அதுவே நேர்ந்தது.

இதற்கு மன்றம் கண்டிருக்கும் வழி எளிமையானது. குளத்தின் இரு முனைகளிலும், சுவரிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி, மல்லாந்து பேக் ஸ்ட்ரோக் நீந்துவோருக்காகக் கொடிக்கயிறு கட்டியிருப்பார்கள். வாரம் இரண்டு நாள், சுவர் வரை போகாமல் அந்தக் கொடிக்குக் கீழேயே நடுநீரில் திரும்பி நீந்தச் சொல்கிறார்கள். உதைக்கச் சுவர் இல்லை. நின்ற இடத்திலிருந்து வேகத்தைத் தானே திரட்ட வேண்டும். முதல் வாரம் பிள்ளைகள் முகம் சுளித்தார்கள். மூன்றாவது வாரம் என் மகளின் தோள்களில் தெரிந்த உறுதி எனக்கே வியப்பாக இருந்தது. இவற்றோடு, வெளியூரில் உள்ள 50 மீட்டர் குளத்துக்குக் கோடையில் இரண்டு முறை அழைத்துச் செல்கிறார்கள். இரண்டு முறை போதாது. குறைந்தது நான்கு முறையாவது வேண்டும் என்று பெற்றோர் கூட்டத்தில் நான் சொன்னேன். செலவைப் பெற்றோரே பகிர்ந்துகொள்ள முன்வந்தும் இந்த ஆண்டு அது நடக்கவில்லை.

கத்திரி வெயிலில் நீரின் சூடும் ஒரு பெரிய சிக்கல். போட்டிக் குளத்தின் நீர் 25 முதல் 28 பாகை வரை இருக்க வேண்டும் என்பது விதி. எங்கள் குளத்தில் மே மாத மாலைகளில் வெப்பமானி 33 காட்டியதை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சூட்டில் நீண்ட தூரம் நீந்தினால், நீருக்குள்ளேயே வியர்த்து, பிள்ளைகள் சுருண்டுவிடுவார்கள். ஆகவே நீண்ட தூரப் பயிற்சி முழுவதையும் விடியற்காலைக்கு மாற்றிவிட்டு, மாலையில் ஸ்டார்ட், டர்ன், குறுந்தூர வேகம் ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு லேன் முனையிலும் தண்ணீர்ப் பாட்டில் இருந்தாக வேண்டும். தலைக்கு மேலே பச்சை நிழல்வலை பாதிக் குளத்துக்குத்தான் இருக்கிறது. மீதிப் பாதிக்கும் கட்டுவதை இனியும் தள்ளிப்போடக்கூடாது.

போட்டிக்கு இரண்டு வாரங்களுக்கு முன்பு டேப்பர், அதாவது பயிற்சித் தூரத்தைப் படிப்படியாகக் குறைப்பது, தொடங்கும். நாளொன்றுக்கு 3,500 மீட்டர் நீந்திய பிள்ளை 2,500, பிறகு 1,800 என்று இறங்கும். இந்த நாள்களில்தான் பெற்றோரின் பொறுமை சோதிக்கப்படுகிறது. போட்டி நெருங்கும்போது அதிகம் நீந்த வைக்காமல் இப்படி விட்டுவிடுகிறார்களே என்று ஒருவர் உரக்கவே கேட்டார். தூரத்தைத்தான் குறைக்கிறோம், வேகத்தைக் குறைக்கவில்லை என்றும், பல வாரங்களாகச் சேர்ந்த களைப்பு வடிந்தால்தான் உழைப்பின் பலன் மேலே வரும் என்றும், வளரும் பிள்ளைகள் பெரியவர்களைவிட விரைவில் தேறிவிடுவதால் பத்து வயதுக்காரர்களுக்கு இன்னும் குறைந்த நாள்களே போதும் என்றும் பயிற்சியாளர் உட்காரவைத்து விளக்கினார். பெற்றோரை மதித்துக் காரணம் சொல்லும் இந்த வழக்கம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. போட்டி நாளில் வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் கட்டிக்கொடுக்க வேண்டாம், இட்லியும் வாழைப்பழமும் போதும் என்று அவர் சொன்னபோது மட்டும் வீட்டில் அப்பத்தாவுக்குச் சற்று வருத்தம்.

இனி என் மனக்குறைகள். ஏப்ரல், மே மாதங்களில் கோடை முகாமுக்குக் குழந்தைகள் கூட்டமாக வந்து சேர்கிறார்கள். முகாமின் வருமானத்தில்தான் ஆண்டு முழுவதும் குளம் ஓடுகிறது என்பதை நான் அறிவேன். கண்மாயில் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு நீச்சல் பழகிய தலைமுறைக்குப் பின், நீந்தத் தெரியாமல் வளரும் பிள்ளைகளுக்கு அந்த முகாம் மிகவும் தேவை என்றும் நம்புகிறேன். ஆயினும் போட்டிப் பிள்ளைகளுக்கு நான்கு லேன்கள் வேண்டிய வாரங்களில் இரண்டு மட்டுமே கிடைப்பதும், ஒரு லேனில் எட்டுப் பேர் ஒருவர் காலை ஒருவர் உரசிக்கொண்டு நீந்துவதும் சரியல்ல. முகாமை ஒரு மணி நேரம் தள்ளி வைத்தாலே இது தீர்ந்துவிடும்.

சென்ற ஆண்டு நேர்ந்த மற்றொன்றை இன்னமும் என்னால் எளிதாகக் கடக்க முடியவில்லை. போட்டிக்கு அனுப்பிய பதிவில் என் மகளின் பெயர் 100 மீட்டருக்கு மட்டும் இருந்தது. 200 மீட்டரில் விடுபட்டிருந்தது. குளத்தின் அருகே போய் நின்ற பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஐந்து மாத உழைப்பு ஒரு வரி எழுத மறந்ததில் போனது. மன்றம் வருத்தம் தெரிவித்தது. இந்த ஆண்டு முதல், பிறந்த ஆண்டு, வயதுப் பிரிவு, இந்திய நீச்சல் சம்மேளனத்தின் பதிவு எண், நீந்தும் போட்டிகள் ஆகிய அனைத்தையும் எழுதிப் பலகையில் ஒட்டி, பெற்றோரின் கையெழுத்தைப் பெற்ற பிறகே அனுப்புகிறார்கள்.

போட்டிப் பிரிவுக்கு மாதக் கட்டணம் 2,800 ரூபாய். பயணமும் நீச்சலுடையும் தனி. உடை மாற்றும் அறைகள் சுமார். மாசி, பங்குனித் திருவிழா நாள்களில் வருகை குறைந்தாலும் குளம் திறந்தே இருக்கிறது. பொழுதுபோக்காக நீந்த விரும்பும் பிள்ளைக்கு இங்குள்ள கண்டிப்பு சற்று அதிகமாகவே படும். மாநில அளவில் நீந்த விரும்பும் பிள்ளைக்கு, லேன் நெருக்கடியையும் மீறி, இந்த மன்றத்தைத் தயக்கமின்றிச் சொல்வேன்.

அடுத்த வாரம் அதிகாலைப் பல்லவன் ரயிலில் பதினான்கு பிள்ளைகள் சென்னைக்குப் புறப்படுகிறார்கள். நேற்று மாலை பலகையின் முன்னால் நின்று, என் மகளின் பெயருக்கு நேரே 100 என்றும் 200 என்றும் இருப்பதை இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டேன்.