எல்லை தாண்டி வரும் புத்தகம்: பார்வையற்ற வாசகருக்கு எந்த வழி நல்லது?

ஒரு நாட்டில் பிரெயிலாகவோ ஒலிநூலாகவோ செய்துவைத்த புத்தகத்தையே இன்னொரு நாட்டில் முதல் பக்கத்திலிருந்து மறுபடி ஸ்கேன் செய்துகொண்டிருந்தார்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் விதிவிலக்குகள் அந்தந்த நாட்டின் எல்லையோடு நின்றதால் வந்த வீண் உழைப்பு அது. 2013-ல் உருவாகி 2016 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த மராக்கேஷ் உடன்படிக்கை, அப்படிச் செய்த பிரதிகளை அதில் சேர்ந்த நாடுகள் பகிர்ந்துகொள்ள அனுமதித்து, அந்தப் பூட்டைத் திறந்தது. அதை முதலில் ஏற்ற நாடு இந்தியா. புத்தகத்தைக் கையில் பிடிக்க முடியாதவர்களுக்கும் அது பொருந்தும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

இப்போது ஒருவர் நேரடியாக, அச்சுநூலைப் படிக்க இயலாதவர்களுக்கான இணைய நூலகமான புக்‌ஷேரில் சேரலாம், அல்லது உள்நாட்டில் பார்வையற்றோருக்கான நூலகம் ஒன்றின் வழியாகக் கேட்கலாம். ஆங்கிலத்தில் படிப்பவருக்கு என் பரிந்துரை புக்‌ஷேர்தான். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் உண்டு. குறைபாட்டுக்கான சான்றைக் கொடுத்து உறுப்பினராகிவிட்டால், டெய்சி (பேசும் நூல்), ஈபப் (மின்நூல்), பிரெயில் கோப்பு என வேண்டிய வடிவில் அன்றே இறக்கிக்கொள்ளலாம். நாளை தேர்வு என்றால் இந்த வேகம்தான் காப்பாற்றும். ஆனால் எல்லா நூலும் எல்லா நாட்டுக்கும் திறந்திருக்காது. பெரும்பாலானவற்றைக் கணினிக் குரலில்தான் கேட்க வேண்டும். பாடநூலுக்கு அது போதும், கவிதைக்குப் போதாது.

நூலக வழி மெதுவானது. நூலகர் ஏபிசி எனப்படும் கூட்டமைப்பின் உலக நூற்பட்டியலில் தேடி, அடுத்த நாட்டு நூலகத்திலிருந்து கோப்பைத் தருவிக்க வேண்டும். ஆனால் மனிதக் குரலில் பதிவான நூல், பிரெஞ்சு, ஸ்பானிஷ் போன்ற பிறமொழி நூல் வேண்டுமென்றால் இதுவே சரியான இடம். கணினி கைவராத முதியவருக்கும் இதுதான் வழி. தேடித்தர அங்கே ஒரு மனிதர் இருக்கிறார். அந்த மனிதருக்கு இந்தச் சேவை தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் சிக்கல். தெரியாவிட்டால், உடன்படிக்கையைப் பெயர் சொல்லியே கேளுங்கள்.

காசு கொடுத்து மின்நூல் வாங்குவதும் உண்டு. திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் திரைவாசிப்பானோடு ஒத்துப்போனால் அதைவிட விரைவானது இல்லை. ஆனால் மராக்கேஷ் தந்த உரிமை கடைக்குப் பொருந்தாது. பதிப்பாளர் உங்கள் நாட்டுக்கு விற்பனை உரிமம் தரவில்லையென்றால் பணம் இருந்தும் வாங்க முடியாது. அப்படிப்பட்ட நூலைத்தான் முதலில் நூலகரிடம் கேட்க வேண்டும்.